சம்பளப் பட்டியலும் சாவியும்: சிறுதொழில்கள் கணினிப் பணியை வெளியே ஒப்படைத்த வரலாறு

கணினி சிறு வணிகரின் கைக்கு எட்டுவதற்கு வெகுகாலம் முன்பே, கணினி செய்யவேண்டிய வேலையை வெளியாரிடம் ஒப்படைக்கும் வழக்கம் அவர்களிடையே வேரூன்றிவிட்டது. ‘அவுட்சோர்சிங்’ என்று இன்று வழங்கும் இவ்வழக்கம், ஒரு நிறுவனம் தன் அன்றாட அலுவலின் ஒரு பகுதியைத் தன் ஊழியர்களைக் கொண்டு முடிக்காமல், அந்த வேலையையே தொழிலாகக் கொண்ட வேறொரு நிறுவனத்திடம் கட்டணம் பேசி விட்டுவிடுவதைக் குறிக்கும். இதன் வரலாறு பெரும்பாலும் 1989ஆம் ஆண்டிலிருந்து சொல்லப்படுகிறது. அவ்வாண்டில் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம் தன் கணினி மையத்தை நடத்தும் பொறுப்பை ஐபிஎம் நிறுவனத்திடம் ஒப்படைத்தது, மற்றப் பெருநிறுவனங்களும் அவ்வழியே செல்லத் துணிவு தந்தது. ஆனால் அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, பெயர் அறியப்படாத பட்டறை முதலாளிகள் பலர் அந்த வழியில் நடந்துவிட்டனர். பெருநிறுவனம் செலவைக் குறைக்க வேலையை வெளியே விட்டது. சிறு நிறுவனம் வேறு வழியின்றி விட்டது. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டால், இயந்திரத்தின் விலை எத்தனை முறை சரிந்தபோதும் சிறு நிறுவனங்கள் வேலையை வெளியே தருவதை ஏன் நிறுத்தவில்லை என்பது விளங்காமலே போகும்.

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்திலுள்ள பேட்டர்சன் நகரம் இந்த வரலாற்றில் முதலில் வைத்துப் பேசத்தக்கது. பசாயிக் ஆற்றின் அருவி தரும் நீர்விசையை நம்பி, அலெக்சாண்டர் ஹாமில்டனின் முன்முயற்சியால் 1791இல் திட்டமிடப்பட்ட தொழில்நகரம் அது; பிற்காலத்தில் பட்டு நெசவால் செழித்து ‘பட்டு நகரம்’ என்றே பெயர்பெற்றது. 1913இல் ஏறத்தாழ ஐந்து மாதம் நீடித்த பட்டாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் அந்நகரின் பெயரை நாடெங்கும் கொண்டுசென்றது. அதன்பின் பெரிய ஆலைகள் ஒவ்வொன்றாக ஒடுங்க, சில தறிகளோடு குடும்பத்தினரே நடத்திய சிறு நெசவுக்கூடங்களும் சாயப்பட்டறைகளும் உதிரித் தொழில்களும் நகரில் பெருகின. இப்படிப்பட்ட ஊரில் ஆலை முதலாளியே மேலாளர், கொள்முதல்காரர், சில வேளைகளில் பழுது பார்ப்பவரும் கூட. கணக்கு எழுத ஒருவர் இருந்தால் அதுவே பெரிது. அந்த ஒருவர் ஒருநாள் வராமற்போனால் என்ன ஆகும் என்ற கேள்வியிலிருந்துதான் பிறர் கணக்கைப் போட்டுத் தரும் தொழில் பிறந்தது.

ஹென்றி டாப் 1927இல் பேட்டர்சனில் பிறந்தவர்; பத்தொன்பது வயதிலேயே கணக்கியலில் பட்டம் பெற்றவர். கணக்காளராகப் பணிபுரிந்த காலத்தில், ஒரு நிறுவனத்தில் சம்பளம் போடும் ஊழியர் நோயுற்றதால் தொழிலாளர்களுக்கு உரிய நாளில் சம்பளம் கிடைக்காததையும், அதனால் அங்கே எழுந்த மனக்கசப்பையும் அவர் கண்டதாகச் சொல்லப்படுகிறது. 1949இல், இருபத்தோரு வயதில், ‘ஆட்டோமேட்டிக் பேரோல்ஸ்’ என்ற பெயரில் பிற நிறுவனங்களின் சம்பளக் கணக்கைப் போட்டுத் தரும் சிறு நிறுவனத்தை அவர் தொடங்கினார். தம்பி ஜோ டாப் உடன் சேர்ந்தார். பட்டாலைத் தொழிலாளியின் மகனான ஃபிராங்க் லாட்டன்பர்க் விற்பனைப் பொறுப்பை ஏற்றார். பிற்காலத்தில் அவர் அமெரிக்க செனட் அவை உறுப்பினராகப் பல்லாண்டு இருந்தார். ‘ஆட்டோமேட்டிக்’ என்ற சொல் பெயரில் இருந்ததே தவிர, தொடக்கத்தில் அங்கே கணினி ஏதுமில்லை; விசைப்பலகைக் கூட்டல் பொறிகளையும் கணக்கேட்டுப் பொறிகளையும் கொண்டு மனிதர்களே கணக்கிட்டனர். பின்னர் அந்நிறுவனம் ‘ஆட்டோமேட்டிக் டேட்டா பிராசசிங்’ என்று பெயர் மாறியது, சுருக்கமாக ஏடிபி.

ஒரு சம்பளக் கணக்கில் வெளியாரிடம் விடும் அளவுக்கு என்ன சிக்கல் இருந்தது என்ற வினா இங்கே இயல்பாக எழும். அக்காலத்துச் சட்டங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் விடை தெளியும். 1938ஆம் ஆண்டின் நியாயமான உழைப்புத் தரச் சட்டத்தால், வாரத்தில் வரையறுத்த நேரத்துக்கு மேல் உழைத்த ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மடங்கு கூலி தரவேண்டியிருந்தது. 1940 முதல் அந்த வரையறை 40 மணி நேரமாயிற்று. 1937 முதல் சமூகப் பாதுகாப்பு வரி சம்பளத்திலிருந்து பிடிக்கப்பட்டது. 1943 ஜூலை முதல் வருமான வரியையும் சம்பளம் தரும்போதே முதலாளி பிடித்து அரசுக்குச் செலுத்த வேண்டியதாயிற்று. போர்ச் செலவுக்காக வந்த இந்த முறை போருக்குப் பின்னும் நீங்கவில்லை. ஆக, அதுவரை தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடைப்பட்ட விஷயமாக இருந்த சம்பளம், ஏறத்தாழ ஆறே ஆண்டுகளில் அரசும் மூன்றாவதாக வந்து அமரும் விஷயமாக மாறியது. முதலாளி சம்பளம் கேட்காத வரிவசூல் ஊழியராக ஆனார்.

1950ஆம் ஆண்டில் ஒரு தொழிலாளியின் ஒரு வாரச் சம்பளத்தை எடுத்துக்கொண்டால் இதன் பளு புலப்படும். வாசலில் இருந்த கடிகாரப் பொறியில் அவர் அடித்த நேர அட்டையிலிருந்து உழைத்த மணிகளைக் கூட்டவேண்டும். 40 மணிக்கு உட்பட்டதையும் மேற்பட்டதையும் பிரித்து, இரண்டுக்கும் தனித்தனி விகிதத்தில் பெருக்கவேண்டும். அவரைச் சார்ந்து வாழ்வோர் எத்தனை பேர் என்பதற்கேற்ப வருமான வரி அட்டவணையில் உரிய கட்டத்தைத் தேடி அத்தொகையைக் கழிக்கவேண்டும். சமூகப் பாதுகாப்பு வரி நூற்றுக்கு ஒன்றரை. ஆனால் ஆண்டில் முதல் 3,000 டாலர் வருமானத்துக்கு மட்டுமே அது உண்டு. வாரம் 60 டாலர் வாங்கும் தொழிலாளி ஐம்பதாவது வாரத்தில் அந்த எல்லையைத் தொடுவார். அடுத்த வாரம் அவரிடம் வரி பிடித்தால் அது தவறு. எனவே இந்த வாரக் கணக்கைப் போட, சனவரி முதல் அவர் பெற்ற மொத்தத் தொகையும் கையில் இருந்தாகவேண்டும். இத்தனையும் முடித்துக் காசோலையும், பிடித்தங்களைக் காட்டும் சீட்டும், சம்பளப் பதிவேடும் எழுதவேண்டும். மூன்றிலும் ஒரே எண் இருக்கவேண்டும். நாற்பது பேர் வேலை செய்யும் பட்டறையில் இது ஒருவருக்கு முழுநேர வேலையும் ஆகாது, வேறு வேலைக்கு இடையே அரைகுறையாகச் செய்துவிடத் தக்கதும் அல்ல. மேலும், சரக்கு அனுப்புவதில் ஒருநாள் தாமதமானால் வாங்குபவர் பொறுத்துக்கொள்ளக்கூடும்; சம்பளநாள் தவறினால் பட்டறையே நின்றுபோகும். டாப் விற்ற சேவையின் உயிர் இதுதான். கூட்டிக் கழிக்கும் திறமையை விட, குறித்த நாளில் தவறாமல் வந்துசேரும் என்ற உறுதிக்கே வாடிக்கையாளர் பணம் கொடுத்தனர் எனலாம்.

இத்தகைய நிலையங்கள் ஆங்கிலத்தில் ‘சர்வீஸ் பீரோ’ எனப்பட்டன. ‘பீரோ’ எழுதுமேசையைக் குறித்த பிரெஞ்சுச் சொல். பின்னர் அலுவலகத்துக்கு ஆகிவந்தது. தமிழ்நாட்டில் அதே சொல் பூட்டிவைக்கும் எஃகு அலமாரிக்குப் பெயராகி, வீடுகளில் நகையும் கடைகளில் கணக்கேடும் அதனுள் அடைபட்டன. கணக்கைப் பூட்டிவைக்கும் இடம் என்ற தமிழ்ப் பொருளும், கணக்கைக் கொண்டுபோய்க் கொடுக்கும் இடம் என்ற அமெரிக்கப் பொருளும் ஒரே சொல்லின் இரு கிளைகள் என்பது இவ்வரலாற்றைப் படிப்பவர் மனத்தில் இருத்தத் தக்கது. கணக்கேட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்ற வினா பின்னர் முதன்மை பெறுகிறது.

சேவை நிலையத்தின் வேர் இன்னும் பழையது. 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக ஹெர்மன் ஹாலரித் உருவாக்கிய பொறிகள், அட்டையில் இட்ட துளைகளை மின்தொடர்பால் உணர்ந்து எண்ணிக்கை செய்தன. அவர் பொறிகளை விற்காமல் வாடகைக்கே விட்டார். அவருடைய நிறுவனத்தின் வழிவந்த ஐபிஎம்மும் அவ்வழக்கத்தையே பின்பற்றியது. மாத வாடகை கட்டவும் வசதியற்றவர்களுக்காக 1932 முதல் ஐபிஎம் சேவை நிலையங்களை நடத்தியது. வாடிக்கையாளர் தம் விற்பனைச் சீட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தால், நிலையத்தில் அவற்றை அட்டைகளில் துளையிட்டு, பிரித்து, கூட்டி, அச்சிட்ட பட்டியலாகத் திருப்பித் தருவர். பொறி உற்பத்தியாளரே சேவையும் விற்றால் மற்றச் சேவை நிலையங்கள் பிழைக்க இயலாது என்ற அடிப்படையில், 1956இல் ஐபிஎம்முக்கும் அமெரிக்க அரசுக்கும் இடையே ஏற்பட்ட ஏகபோகத் தடை உடன்பாடு, பொறிகளை விற்பனைக்கும் தரவேண்டும் என்றதோடு, சேவைத் தொழிலைத் தனி நிறுவனமாகப் பிரிக்கவும் பணித்தது. அவ்வாறு பிறந்த ‘சர்வீஸ் பீரோ கார்ப்பரேஷன்’ 1973இல் மற்றொரு வழக்கின் சமரசத்தில் கன்ட்ரோல் டேட்டா நிறுவனத்துக்குக் கைமாறியது. ஏடிபி போன்ற சிறிய நிலையங்கள் தழைக்க இந்த உடன்பாடு பெரிய வாய்ப்பளித்தது. இதற்குத் தரவேண்டிய இடத்தை வரலாற்று நூல்கள் தந்ததாகத் தெரியவில்லை.

1959 அக்டோபரில் ஐபிஎம் அறிவித்த 1401 என்ற கணினி இத்தொழிலின் அளவையே மாற்றியது. அதன் மாத வாடகை 2,500 டாலரிலிருந்து தொடங்கியது. அதனோடு வந்த அச்சுப்பொறி நிமிடத்துக்கு 600 வரிகள் அச்சிட்டது. நாற்பது தொழிலாளர் கொண்ட பட்டறைக்கு அந்த வாடகை எட்டாக்கனி. ஆனால் நூறு பட்டறைகளின் வேலையைச் சேர்த்துவைத்திருக்கும் நிலையத்துக்கு அது கட்டுப்படியாகும். ஏடிபி 1961இல் ஒரு 1401ஐ வாடகைக்கு எடுத்தது. அதே ஆண்டில் பொதுமக்களுக்குப் பங்குகளையும் விற்றது. இத்தகைய நிலையங்களை நடத்துவோர் கூடி ‘அடாப்சோ’ என்ற சங்கத்தை அமைத்ததும் 1961இல்தான். அடுத்த ஆண்டு டெக்சாசில் ராஸ் பெரோ தொடங்கிய எலக்ட்ரானிக் டேட்டா சிஸ்டம்ஸ், பெருநிறுவனங்களின் கணினி அறையையே ஏற்று நடத்தும் வேறொரு வகையைத் தோற்றுவித்தது. சிறுதொழில்களின் கதையில் அதற்கு இடம் குறைவு.

அட்லாண்டிக்கின் மறுகரையில் இதே தேவை விசித்திரமான இடத்திலிருந்து நிறைவேறியது. லண்டனில் தேநீர்க்கடைகளையும் கேக் தொழிற்சாலைகளையும் நடத்திய ஜே. லயன்ஸ் நிறுவனம், தன் அலுவலக வேலைக்கென்றே லியோ என்ற கணினியைத் தானே கட்டியது. 1947இல் அதன் மேலாளர் இருவர் அமெரிக்கா சென்று விசாரித்தபோது, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலேயே எட்சாக் என்ற கணினி உருவாகிவருவதை அறிந்தனர். நிறுவனம் அம்முயற்சிக்கு 3,000 பவுண்டு உதவி, பதிலுக்கு அதன் வடிவமைப்பை எடுத்துக்கொண்டது. 1951 நவம்பரில் லியோ அடுமனைச் சரக்குகளின் மதிப்பைக் கணக்கிட்டது. வணிகத்தின் அன்றாட வேலையைக் கணினி செய்த முதல் நிகழ்வாக அது கருதப்படுகிறது. 1944 முதல் பிரிட்டனிலும் சம்பளத்திலேயே வரி பிடிக்கும் முறை வந்திருந்ததால், லியோ அடுத்துச் சம்பளக் கணக்குக்கே திரும்பியது. தேர்ந்த எழுத்தர் ஒருவருக்கு எட்டு நிமிடம் பிடித்த ஒருவருடைய கணக்கு ஒன்றரை விநாடியில் முடிந்தது. லயன்சின் வேலை போக மிஞ்சிய நேரத்தில் ஃபோர்டு நிறுவனத்தின் டாகன்ஹாம் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் லியோ சம்பளம் கணக்கிட்டது. மோட்டார் தொழிற்சாலையின் சம்பளப் பட்டியல் தேநீர்க்கடைக்காரரின் கணினியில் தயாரானது என்பதை அறியும்போது, கணினிச் சேவை என்பது கணினித் தொழிலுக்குப் பிந்தியது என்ற கருத்தை ஒதுக்கிவிடவே தோன்றுகிறது.

சேவை நிலையத்தின் குறை, வேலையைக் கொண்டுபோய்க் கொடுத்துத் திரும்பப் பெறும் தாமதம். இதற்கு மாற்றாக வந்தது நேரப் பகிர்வு: ஒரே கணினி பலருடைய வேலைகளுக்கிடையே வெகுவிரைவாக மாறி மாறிச் செயல்பட்டு, ஒவ்வொருவருக்கும் அது தமக்கே உரியது என்ற தோற்றத்தைத் தரும் முறை. தொலைபேசியைப் போலவே கணிப்பையும் ஒரு பொதுச்சேவையாக வழங்கலாம் என்று ஜான் மெக்கார்த்தி 1961இல் எம்ஐடி நூற்றாண்டு விழாச் சொற்பொழிவில் எடுத்துரைத்தார். 1965இல் ஜெனரல் எலக்ட்ரிக் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1960களின் நடுப்பகுதியில் டைம்ஷேர், காம்ஷேர் போன்ற நிறுவனங்களும் தோன்றின. வாடிக்கையாளர் அலுவலகத்தில் விநாடிக்குப் பத்து எழுத்து வீதம் தடதடவென்று அடிக்கும் டெலிடைப் பொறி ஒன்று தொலைபேசி வழியே தொலைவிலுள்ள கணினியோடு இணையும். இணைந்திருந்த நேரத்துக்கும் கணினி உழைத்த விநாடிகளுக்கும் கட்டணம். ஆயினும் இதைப் பெரிதும் பயன்படுத்தியவர்கள் பொறியாளர்களும் நிதி ஆய்வாளர்களுமே. பட்டறை முதலாளிக்கு முன் அந்தப் பொறியை வைத்தால், அதில் என்ன தட்டச்சு செய்வது என்று அவருக்குச் சொல்ல இன்னொருவர் வேண்டியிருந்தது.

1979இல் விசிகால்க் என்ற அட்டவணைக் கணக்கு மென்பொருள் ஆப்பிள் 2 கணினிக்கு வந்தது. 1981 ஆகஸ்டில் 1,565 டாலர் தொடக்க விலையில் ஐபிஎம் தன் தனிநபர் கணினியை வெளியிட்டது. இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு மாத வாடகைக்குப் போதாத தொகையில் இப்போது ஒரு கணினியையே சொந்தமாக வாங்க முடிந்தது. நேரப் பகிர்வுத் தொழில் இந்த அடியில் நொறுங்கியது. சம்பளக் கணக்குத் தொழிலோ மேலும் வளர்ந்தது. அமெரிக்காவில் ஆறு தொழிலாளர்களில் ஒருவருக்குத் தன் வழியே சம்பளம் போவதாக ஏடிபி பின்னாளில் உரிமை கொண்டாடும் அளவுக்கு அது உயர்ந்தது. நேரப் பகிர்வு நிறுவனங்கள் விற்றது கணினியின் நேரத்தை. கணினி மலிந்தபோது அச்சரக்கும் மலிந்தது. சம்பள நிலையங்கள் விற்றது பொறுப்பை: ஆண்டுதோறும் மாறும் வரி அட்டவணையை அறிந்துவைத்திருப்பதையும், கெடுநாளை நினைவில் வைத்திருப்பதையும், தவறினால் பதில் சொல்வதையும் அவை விற்றன. எந்தப் புதிய பொறியும் அந்தப் பொறுப்பின் விலையைக் குறைக்கவில்லை. சட்டங்கள் பெருகப் பெருக அது ஏறியே வந்தது.

இந்தியாவில் இக்கதை வேறு வடிவில் நிகழ்ந்தது. இங்கே 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டமும் 1952ஆம் ஆண்டின் வருங்கால வைப்புநிதிச் சட்டமும் சம்பளப் பட்டியலுக்குள் அரசைக் கொண்டுவந்தன. ஆனால் கணினி நெடுங்காலம் பெருநிறுவனங்களுக்கே உரியதாக இருந்தது. 1968இல் டாட்டா சன்சின் பிரிவாகத் தொடங்கிய டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் முதலில் செய்த வேலைகளில், டாட்டா எஃகு ஆலைக்கான துளையட்டைப் பணியும் யூனிட் டிரஸ்டுக்கான சேவை நிலையப் பணியும் அடங்கும். பின்னாளில் உலகுக்கே சேவை விற்ற அந்நிறுவனமும் துளையட்டை நிலையமாகவே கண் விழித்தது. 1973ஆம் ஆண்டின் அன்னியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின் நிபந்தனைகளை ஏற்காமல் ஐபிஎம் 1978இல் நாட்டைவிட்டு வெளியேற, அது விட்டுச்சென்ற கணினிகளைப் பராமரிக்கும் வேலை அரசு நிறுவனமான சிஎம்சியிடம் வந்தது. இவை எதுவும் ஈரோட்டு மஞ்சள் மண்டிக்கோ சிவகாசி அச்சகத்துக்கோ எட்டவில்லை.

அத்தகைய இடங்களில் நூற்றாண்டுகளாக இருந்தவர் கணக்குப்பிள்ளை. கிழக்கிந்திய கம்பெனி காலத்து ஆங்கிலேயர் அவரை ‘கானிகாப்பொலி’ என்று சிதைத்து எழுதியது, சென்னையில் வணிகம் செய்த எவருக்கும் அவரின்றி ஆகாது என்பதைக் காட்டும். வசதியுள்ள கடையில் கணக்குப்பிள்ளை உள்ளேயே உட்கார்ந்திருந்தார். வசதியற்ற கடைகள் நான்கைந்து சேர்ந்து ஒருவரைப் பகிர்ந்துகொண்டன. காலையில் ஒரு கடை, மாலையில் ஒரு கடை என்று சென்று, நாள் குறிப்பேட்டிலிருந்து பேரேட்டுக்குப் பதிந்து, ஆண்டு முடிவில் ஐந்தொகை எடுத்துத் தந்த அந்தப் பகுதிநேரக் கணக்கரே தமிழ்நாட்டின் சேவை நிலையம். மனிதர்தான் அங்கே பகிரப்பட்டார்.

அவர் கையில் கணினியைத் தந்தது டேலி. ஆலைகளுக்கு மூலப்பொருளும் பொறி உதிரிகளும் விற்றுவந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தம் வணிகத்துக்கு ஏற்ற கணக்கு மென்பொருள் கிடைக்காமல், கணிதம் படித்த தம் மகன் பாரத் கோயங்காவையே எழுதச் சொன்னார். 1986இல் பெங்களூரில் பியூட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் தோன்றியது. குறியீட்டு எண்களை நினைவில் வைக்கத் தேவையின்றி, கணக்கின் பெயரைக் கொண்டே பதிவிடலாம் என்பது கணக்கெழுதுவோரை அதன்பால் ஈர்த்தது. ‘டேலி தெரிந்தவர் தேவை’ என்ற அட்டை கடைவாசல்களில் தொங்கியது. கணினி கடைக்கு வந்தபின் முதலாளியே கணக்கைப் போட்டுக்கொள்வார், பகுதிநேரக் கணக்கர் மறைவார் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நடந்தது மறுதலை: பேரேட்டில் மூன்று மணி நேரம் எடுத்த பதிவு ஒரு மணி நேரத்தில் முடிந்ததால், நான்கு கடைக்குச் சென்றவர் பத்துக் கடைக்குச் செல்லலானார், சிலர் தனி அலுவலகம் வைத்து, கடைகளிலிருந்து பில் கட்டுகளை மஞ்சள் பையில் வரவழைத்து, பேட்டர்சனில் நடந்த அதே தொழிலைத் தொடங்கினர்.

பேட்டர்சனில் 1943இன் வரிப் பிடித்த முறை செய்ததை இங்கே 2017இன் புதிய வரி செய்தது. தமிழ்நாட்டில் 2007 சனவரியில் வந்த மதிப்புக் கூட்டு வரி வணிகர்களை ஓரளவு பழக்கியிருந்தாலும், 2017 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரி, கணக்கைக் கணினியில் எழுதுவதை நடைமுறையில் தவிர்க்க முடியாததாகவும், இணையத்தில் தாக்கல் செய்வதைக் கட்டாயமாகவும் ஆக்கியது. ஒரு மாதத்தின் நாட்காட்டி இப்போது கெடுநாட்களால் ஆனது: பிடித்தம் செய்த வருமான வரியைக் கட்ட 7ஆம் தேதி, விற்பனை விவரங்களைத் தாக்கல் செய்ய 11ஆம் தேதி, வருங்கால வைப்புநிதிக்கும் தொழிலாளர் காப்பீட்டுக்கும் 15ஆம் தேதி, மாத வரியைச் செலுத்தி விவரணம் தர 20ஆம் தேதி. இதில் சிறு வணிகரைப் பெரிதும் நெருக்குவது உள்ளீட்டு வரி வரவு, அதாவது வாங்கிய சரக்குக்குக் கொடுத்த வரியை விற்ற சரக்கின் வரியில் கழித்துக்கொள்ளும் உரிமை. விற்றவர் தம் விவரணத்தில் அந்த பில்லைக் காட்டினால்தான் வாங்கியவருக்கு அவ்வரவு கிடைக்கும். திருப்பூரில் ஒரு பனியன் உருவாகும்போது நூல், பின்னல், சாயம், அச்சு, தையல் என்று அது பல சிறு நிறுவனங்களின் கைமாறுகிறது. இடையில் ஒருவர் 11ஆம் தேதியைத் தவறவிட்டால் அடுத்தவரின் பணம் முடங்குகிறது. அதனால் கணக்கை ஒழுங்காகத் தாக்கல் செய்யாதவரிடம் வேலை கொடுக்கவே பிறர் தயங்குகின்றனர். 20ஆம் தேதியன்று மாலை ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் நுழைந்து பார்த்தால், ஒவ்வொரு மேசையிலும் பல நிறுவனங்களின் பில் கட்டுகள் ரப்பர் வளையமிட்டுக் கிடப்பதும், வரித்தளம் திணறும் வேளையில் ஊழியர்கள் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறப்பதும், கடவுச்சொல்லை அனுப்பச் சொல்லித் தொலைபேசியில் முதலாளிகளை அழைப்பதும் காணலாகும்.

இதற்கிடையே சேவையின் உருவமும் மாறியிருந்தது. மென்பொருளை வாங்கி நிறுவாமல் இணையம் வழியே மாத வாடகைக்குப் பயன்படுத்தும் முறை 1990களின் இறுதியில் ‘பயன்பாட்டுச் சேவை வழங்குநர்’ என்ற பெயரில் முயலப்பட்டு, அவற்றுள் பல 2001ஆம் ஆண்டையொட்டிய சரிவில் மூழ்கின. 1999இல் தொடங்கிய சேல்ஸ்ஃபோர்ஸ் போன்ற சில தப்பின. 2006இல் அமேசான் தன் சேமிப்பையும் கணிப்புத் திறனையும் பயன்படுத்திய அளவுக்கேற்ற கட்டணத்தில் விற்கத் தொடங்கியபின் இம்முறை உறுதிப்பட்டது. இந்தக் கட்டத்தில் தமிழ்நாடு சேவை வாங்கும் இடமாக மட்டும் நிற்காமல் விற்கும் இடமாகவும் ஆனது. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தோன்றிய ஸோஹோ, சிறு நிறுவனங்களுக்கான கணக்கு, அஞ்சல், வாடிக்கையாளர் பதிவு ஆகியவற்றைச் சென்னையிலிருந்தும் பின்னர் தென்காசியிலிருந்தும் உருவாக்கி உலகெங்கும் வாடகைக்கு விட்டது. 2010இல் சென்னையில் தொடங்கிய ஃபிரெஷ்டெஸ்க், ஃபிரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் 2021இல் நாஸ்டாக் பங்குச்சந்தையில் இடம்பெற்றது. அறிமுகமில்லாத நாட்டின் சிறு கடைக்காரர் தென்காசியில் எழுதிய நிரலில் தம் வரவுசெலவைப் பதிகிறார் என்பது பெருமிதத்துக்குரியது.

கணினிகளைப் பராமரிக்கும் தொழிலிலும் இதே மாற்றம் நிகழ்ந்தது. முன்பு பொறி பழுதானால் ஆள் வந்து சரிசெய்து கூலி பெறுவார். பழுது மிகுந்தால் அவருக்கு வருமானம் மிகும். மாதக் கட்டணம் பெற்றுக்கொண்டு, தொலைவிலிருந்தே எல்லாக் கணினிகளையும் கண்காணித்துப் பழுது வராமல் காக்கும் ‘நிர்வகிக்கப்பட்ட சேவை’ முறையில் பழுது குறைந்தால்தான் சேவையாளருக்கு ஆதாயம். இருவர் நலனையும் ஒன்றாக்கிய நல்ல ஏற்பாடு இது. ஆனால் நூறு அலுவலகங்களுக்கு ஒருவர் கையில் திறவுகோல் இருக்கும்போது, அந்த ஒருவரிடம் திருடு போனால் நூறும் திறந்துகொள்ளும். 2021 ஜூலை 2ஆம் தேதி காசேயா என்ற தொலைக் கண்காணிப்பு மென்பொருளின் பலவீனத்தைப் பிடித்துப் பணயத் தாக்குதல் நடத்தியவர்கள், அதைப் பயன்படுத்திய சேவையாளர்கள் சிலர் வழியே ஏறத்தாழ 1,500 வரையிலான நிறுவனங்களுக்குள் புகுந்தனர். காசேயாவின் பெயரையே கேட்டறியாத சுவீடன் கூட்டுறவு அங்காடிகள், பணம் வாங்கும் பொறிகள் முடங்கியதால் நூற்றுக்கணக்கில் கதவடைத்தன. 2024 ஜூலை இறுதியில் இந்தியாவிலும் ஒரு சேவை நிறுவனம் தாக்கப்பட, அதை நம்பியிருந்த ஏறத்தாழ 300 சிறு கூட்டுறவு, ஊரக வங்கிகளின் பணப்பரிமாற்றம் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது.

பேட்டர்சனின் சேவை நிலையம் சம்பளம் முடிந்ததும் காசோலைகளோடு பதிவேட்டையும் முதலாளியிடமே திருப்பிக் கொடுத்தது. நிலையம் மூடப்பட்டாலும் ஏடு அவருடைய பீரோவில் இருக்கும். இன்றைய ஏற்பாட்டில் ஏடு வரித்தளத்தில் இருக்கிறது, அதைத் திறக்கும் ஒருமுறைக் கடவுச்சொல் ஒரு தொலைபேசி எண்ணுக்கு வருகிறது. சரக்கு மற்றும் சேவை வரி வந்த அவசரத்தில், பதிவு செய்துகொடுத்த இடைத்தரகர்கள் பலர் வணிகரின் எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும் பதிலாகத் தம்முடையதையே எழுதிவிட்டனர். பின்னர் விவரங்களைத் தரவும் மறுத்தனர் என்று முறையீடுகள் குவிந்தன. 2018 ஜூனில் நடுவண் அரசு இதற்கென்றே ஒரு வழிமுறையை அறிவித்தது. அதன்படி, வணிகர் தம் வரி எல்லைக்குரிய அதிகாரியை நேரில் அணுகி, அந்த வணிகம் தம்முடையதே என்று நிறுவும் ஆவணங்களைக் காட்டவேண்டும். அதிகாரி சரிபார்த்துப் புதிய மின்னஞ்சலையும் எண்ணையும் பதிந்து கடவுச்சொல்லை மாற்றித் தருவார். அதன்பின்தான் வணிகர் தம் கணக்குக்குள் நுழைய இயலும்.